எந்த அலமாரி என்று கேட்காதீர்கள்

வாசகர் கேள்வி – பதில்

(பழைய வட ஆற்காடு மாவட்டத்துக் கிளை நூலகங்களில் பணியாற்றி ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர் வாசகர் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறார். இந்த மாதம் நாவல், தன்வரலாறு, படக்கதை பற்றி வந்த கேள்விகள்.)

கேள்வி: அம்மா, எனக்குச் சின்ன வயதிலிருந்தே காமிக்ஸ்தான். இரும்புக்கை மாயாவி, டெக்ஸ் வில்லர், லக்கி லூக் எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறேன். நாவல் எடுத்தால் முப்பது பக்கம் தாண்டுவதில்லை. ஹாஸ்டல் நண்பர்கள் "நீ வாசகனே கிடையாது" என்கிறார்கள். அப்படியா?
(கல்லூரி மாணவர், காட்பாடி)

பதில்: இல்லை தம்பி. நண்பர்கள் அவசரப்பட்டுப் பேசுகிறார்கள்.

சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972-இல் வரத் தொடங்கியபோது முதல் இதழே இரும்புக்கை மாயாவிதான். ஆங்கில மூலத்தில் அவன் பெயர் லூயிஸ் கிராண்டெல். ஒரு கையை இழந்து, அந்த இடத்தில் உருக்குக் கை பொருத்திக்கொண்டவன். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு முழுவதும் மறைந்துவிடும். உருக்குக் கை மட்டும் மறையாது. இதை வரைந்த ஸ்பெயின் ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோவுக்கு முன்னால் இருந்த வேலையை நினைத்துப் பாருங்கள். கதாநாயகனுக்கு முகம் இல்லை, கண் இல்லை, காற்றில் ஒரு கை மட்டும். அது கோபமாக இருக்கிறதா, பதுங்குகிறதா, களைத்துவிட்டதா என்பதை ஐந்து விரல்களை வைத்தே காட்டவேண்டும். கறுப்பு மையும் வெள்ளைத் தாளும்தான் கையில் உள்ள சாமான். அந்தக் கையைப் பார்த்தே அவன் மனநிலையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் கதையைத் தொடர்ந்திருக்கிறீர்கள். இது வாசிப்பு இல்லையென்றால் வேறு எது வாசிப்பு?

இரண்டு கட்டங்களுக்கு நடுவே இருக்கும் வெள்ளை இடைவெளியையும் யோசியுங்கள். முதல் கட்டத்தில் கை கதவைத் தொடுகிறது, அடுத்ததில் காவலாளி தரையில் கிடக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் நடந்ததை யாரும் வரையவில்லை. உங்கள் மனம் அதை நடத்திப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கட்டத்துக்குப் போகிறது. நாவல் படிப்பவரும் இதையேதான் செய்கிறார், வாக்கியங்களுக்கு நடுவில்.

நான் வேலை பார்த்த கிளைகளுக்கு காமிக்ஸ் வந்ததில்லை. அம்புலிமாமா வரும், கோகுலம் வரும். பள்ளி விட்டதும் அம்புலிமாமாவுக்குத்தான் முதல் கை நீளும். விக்கிரமாதித்தன் வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும் அந்தப் படத்தை, ஓவியர் சங்கர் வரைந்ததை, ஒரு பையன் பத்து நிமிடம் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பான். "படிக்காம படம் பாக்கிறான் மேடம்" என்று பக்கத்துப் பையன் புகார் சொல்வான். நான் பார்க்கட்டும் என்று விட்டுவிடுவேன். அவனுக்கு அந்த நேரத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியும்.

இப்போது உங்களுக்கு ஒரு புத்தகம் சொல்கிறேன். ஈரானில் பிறந்த மர்ஜானே சத்ரபி தன் சொந்தக் கதையைக் கறுப்பு வெள்ளைப் படக்கதையாகவே எழுதி வரைந்தார். பிரெஞ்சில் பெர்செபோலிஸ் என்ற பெயரில் 2000 முதல் 2003 வரை நான்கு பாகங்களாக வந்தது. தமிழில் விடியல் பதிப்பகம் ஈரான் என்று தொடங்கும் தலைப்புகளில் கொண்டுவந்திருக்கிறது. 1979 புரட்சிக்குப் பிறகு முக்காடு கட்டாயமான வகுப்பறையில் அவருக்குப் பத்து வயது. தொடக்கத்திலேயே ஒரு வகுப்புப் புகைப்படம் வரும். அதில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் தான் மட்டும் படத்துக்குள் முழுசாக விழவில்லை என்று காட்டுவார். ஒரே கட்டத்தில் ஒரு பெண்குழந்தையின் நிலைமை முழுக்க வந்துவிடுகிறது. எழுத்தில் அதைச் சொல்ல ஒரு பக்கமாவது வேண்டும்.

ஆங்கிலம் சிரமமில்லை என்றால் ஆர்ட் ஸ்பீகல்மன் வரைந்த மௌஸ் படியுங்கள். ஹிட்லர் காலத்து முகாமில் உயிர் பிழைத்த தன் அப்பாவை உட்காரவைத்துப் பேசச் சொல்லி, பதிவு செய்து, யூதர்களை எலிகளாகவும் நாஜிகளைப் பூனைகளாகவும் வரைந்தார். 1992-இல் அதற்குப் புலிட்சர் சிறப்பு விருது கிடைத்தது. உங்கள் ஹாஸ்டல் நண்பர்களிடமும் கொடுங்கள். அவர்களும் வாசிக்க வேண்டிய புத்தகம்.

கேள்வி: நான் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறேன். கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் கிரைம் நாவல் படிப்பேன். பி.ஏ. தமிழ் படிக்கும் மகள், "இதெல்லாம் இலக்கியம் இல்லைம்மா, டைம் வேஸ்ட்" என்கிறாள். மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு.
(வாசகி, ஆற்காடு)

பதில்: மகளிடம் ஆரணி குப்புசாமி முதலியார் பெயரைச் சொல்லுங்கள். உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் ஆரணிக்கு ஒரு மணி நேரம். 1915-இல் தொடங்கிய ஆனந்தபோதினி மாத இதழுக்கு ஆசிரியராக இருந்தவர். ரெய்னால்ட்ஸ் போன்ற ஆங்கில எழுத்தாளர்களின் கதைகளைத் தழுவித் தமிழில் நாவல் நாவலாக எழுதிக் குவித்தார். ஆனந்தசிங் என்று ஒரு துப்பறிவாளரையும் உலவவிட்டார். தமிழ்த்தாத்தா ஓலைச்சுவடி தேடி அலைந்து பதிப்பித்துக்கொண்டிருந்த அதே காலம். இரண்டு வேலையும் ஒரே மொழியில் ஒரே நேரத்தில் நடந்தன. ஒன்று பழசை மீட்டது. மற்றது, புலவர் வீட்டில் பிறக்காத ஆணும் பெண்ணும் தனியாக உட்கார்ந்து, யாரும் விளக்கம் சொல்லாமல், ஒரு முழுப் புத்தகத்தை முடிக்கும் பழக்கத்தை உண்டாக்கியது. தமிழ் இலக்கிய வரலாற்றுத் தாளில் உங்கள் மகள் இவரைப் படிக்க வேண்டியிருக்கும். அப்போது நீங்கள்தான் உதவ முடியும்.

குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் பெண்களிடம் நான் பார்த்தது இது. நாலைந்து பேர் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். இலையும் தூளும் நூலும் இருக்கிற கையில் புத்தகம் பிடிக்க முடியாது. அதனால் பள்ளிக்கூடம் போகிற பெண் ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பாள். ராஜேஷ்குமார், இல்லையென்றால் பட்டுக்கோட்டை பிரபாகர். "இன்னாடி நிறுத்திட்ட, அந்த டிரைவர்தான் பண்ணியிருப்பான், அப்பால படி" என்று ஒரு அக்கா விரட்டுவார். இன்னொருவர் மறுப்பார், "அவன் ராத்திரி ஊர்லயே இல்லன்னு மொதல்லயே சொல்லிச்சே?" என்று. முப்பது பக்கத்துக்கு முன்னால் வந்த ஒரு வரியை ஞாபகம் வைத்துக்கொண்டு வாதாடுகிறார் அந்த அம்மா. பல்கலைக்கழகத்தில் இதற்குக் கூர்ந்த வாசிப்பு என்று பெயர்.

கிரைம் நாவல் எல்லாமே நல்லது என்று சொல்லமாட்டேன். கொலையுண்டு கிடக்கும் பெண்ணின் உடலை ரசித்து வர்ணிக்கும் நாவல்கள் எனக்கு அருவருப்பு. நல்லதில் ஊர் இருக்கும், தொழில் இருக்கும், தடயம் வாசகரின் கண்முன்னே நேர்மையாக வைக்கப்பட்டிருக்கும்.

நீங்களும் மகளும் சேர்ந்து படிக்க ஒன்று இருக்கிறது: பூமணியின் வெக்கை. 1982-இல் வந்தது. எடுத்த எடுப்பில் ஒரு கொலை. பதினைந்து வயதுப் பையன் வெட்டிவிட்டு ஓடுகிறான். அப்புறம் அப்பாவும் மகனும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிகிறார்கள். என்ன சாப்பிட்டார்கள், எங்கே படுத்தார்கள், எந்தச் செடியின் காயைப் பறித்தார்கள் என்று அப்படியே உடன் நடத்திக் கூட்டிப் போவார் பூமணி. கொலையாளி யார் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்ட பிறகும் புத்தகத்தை மூட முடியாது. படித்துவிட்டு இருவரும் தனித்தனியாக எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: தொடங்கிய புத்தகத்தை முடித்தே ஆகவேண்டுமா?
(வாசகர், வாணியம்பாடி)

பதில்: வேண்டாம். ஆனால் எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள் என்று உள்ளே ஒரு சீட்டு வையுங்கள். சில வருஷம் கழித்து அதே பக்கத்திலிருந்து ஓடுகிற புத்தகங்கள் உண்டு.

கேள்வி: தன்வரலாறு எழுதுபவர் தன்னை நல்லவராகத்தானே காட்டிக்கொள்வார்? எதை நம்புவது? மாணவிகளுக்கு இதை எப்படிச் சொல்லித்தருவது?
(பள்ளி ஆசிரியை, குடியாத்தம்)

பதில்: டீச்சர், நான் பார்ப்பது ஒன்றைத்தான். எழுதுகிற இன்றைய ஆள், அன்றைய தன்னைத் திருத்தாமல் விட்டிருக்கிறாரா? அன்றைக்குத் தெரியாததை, அன்றைக்குத் தெரியாததாகவே எழுதியிருக்கிறாரா?

உ.வே.சாமிநாதையரின் என் சரித்திரத்தில் 1880-இல் நடந்த ஒரு சந்திப்பு வருகிறது. கும்பகோணத்தில் முன்சீபாக, அதாவது உரிமையியல் நீதிபதியாக வந்த சேலம் இராமசாமி முதலியார், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கலம்பகம், கோவை என்று அடுக்கிக்கொண்டே போகிறார். அவர் அசையவில்லை. இதனால் என்ன பிரயோசனம் என்கிற மாதிரிக் கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். இல்லை. அத்தனை பெரிய ஆசிரியரிடம் பாடம் கேட்டவருக்கு அது எவ்வளவு சுருக்கென்றிருக்கும்! 1940-இல் ஆனந்த விகடனில் இந்தத் தொடரை எழுதத் தொடங்கியபோது அவர் எண்பதைத் தாண்டிவிட்டார், மகாமகோபாத்தியாயர், நாடே கும்பிடுகிறது. அந்தச் சங்கடத்தை மழுப்பிவிட்டுப் போயிருக்கலாம். முழுசாக எழுதினார். 1942-இல் அவர் காலமானபோது தொடர் முடியாமலே நின்றது. முடியாத அந்தப் புத்தகத்தை நான் முழுசாக நம்புகிறேன்.

பாமாவின் கருக்கு 1992-இல் வந்தது. அதில் ஊர்ப் பெரியவர் ஒருவர், பலகாரப் பொட்டலத்தைக் கை படாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நாயக்கரிடம் கொடுக்கப் போவார். பார்த்த சிறுமிக்குச் சிரிப்பு வருகிறது. வீட்டில் போய் அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை, காரணத்தைச் சொல்கிறான். தொட்டால் தீட்டாம், அதனால்தான் நூலைப் பிடித்தார். அதற்குமேல் அவளால் சிரிக்க முடியவில்லை. வளர்ந்து எல்லாம் தெரிந்த பாமா, அந்தச் சிரிப்பை எடுத்துவிட்டு நேராகக் கோபத்தை எழுதியிருக்கலாம். சிரிப்பு அங்கே இருப்பதால்தான் நமக்கு வயிற்றைப் பிசைகிறது. உங்கள் மாணவிகளுக்கு இந்த ஒரு பகுதியைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். விளக்கம் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

நாட்குறிப்பு இன்னும் வேறு மாதிரி. நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாமல் எழுதப்படுவது. நம் வேலூர் மத்தியச் சிறையில் 1921 டிசம்பர் முதல் 1922 மார்ச் வரை இருந்த ராஜாஜி அங்கே நாட்குறிப்பு எழுதினார், பிறகு அது புத்தகமானது. ஒத்துழையாமை இயக்கம் உச்சத்தில் இருந்த நேரம். வெளியே எல்லோரும் சுயராஜ்யம் வந்தால் சொர்க்கம் என்று பேசிக்கொண்டிருக்க, சுயராஜ்யம் வந்ததும் நல்லாட்சி வந்துவிடாது, தேர்தலும் அதன் ஊழலும், பணபலத்தின் கொடுமையும், நிர்வாகத் திறமைக்குறைவும் மக்களை வாட்டும் என்று எழுதி வைத்தார். சுதந்திரத்துக்கு 25 வருஷம் முன்னால்! வயதான பிறகு நினைவுகூர்ந்து எழுதியிருந்தால், அப்பவே எனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொள்கிறார் என்று சந்தேகப்பட்டிருப்போம். தேதி போட்ட பக்கத்தைச் சந்தேகிக்க முடியாது. தொரப்பாடி வழியாகப் பஸ்ஸில் போகும் உங்கள் மாணவிகளுக்கு அந்த மதிலுக்குள் எழுதப்பட்ட இந்தப் பக்கங்களைப் பற்றிச் சொல்லுங்கள்.

கேள்வி: தன்வரலாறு மாதிரியே இருக்கும் நாவலை நூலகத்தில் எந்த அலமாரியில் வைப்பீர்கள்?
(நூலக அறிவியல் மாணவி, திருப்பத்தூர்)

பதில்: பதிவேட்டில் ஒரு வகைப்பாட்டு எண்தான் போட முடியும், போட்டுத்தான் ஆகவேண்டும். ஆனால் யார் கேட்டு வருகிறார்கள் என்று பார்த்து மேசைமேல் எடுத்து வைப்பேன். நூலக அறிஞர் ரங்கநாதன் 1931-இல் எழுதிய ஐந்து நூலக விதிகளில் இரண்டாவதும் மூன்றாவதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். எந்த அலமாரி என்பது அவர் அந்த இரண்டு விதியிலும் சொல்லாத விஷயம்.

கேள்வி: என் தாத்தாவும் அப்பாவும் டேனரியில் (தோல் பதனிடும் ஆலையில்) வேலை பார்த்தவர்கள். நான் டிப்ளமா முடித்து வேறு வேலைக்கு வந்துவிட்டேன். எங்கள் பக்கத்து வாழ்க்கையைச் சொல்லும் நாவல் உண்டா? நானே எழுதலாம் என்றும் தோன்றுகிறது. நாவலாக எழுதுவதா, அப்பாவின் வாழ்க்கை வரலாறாக எழுதுவதா?
(வாசகர், ராணிப்பேட்டை)

பதில்: இந்தக் கடிதத்தை நான் பலமுறை படித்தேன். முதலில் புத்தகங்கள், அப்புறம் உங்கள் எழுத்து.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே தொடங்குங்கள். மு.வரதராசனார் 1912-இல் பிறந்தது வாலாஜாவை அடுத்த வேலம் கிராமம். அவருடைய அகல் விளக்கு நாவலில் வாலாஜாவும் பாலாறும் வருகின்றன. சந்திரன், வேலய்யன் என்று இரண்டு நண்பர்கள். ஒருவன் அழகும் அறிவும் பளிச்சென்று இருப்பவன், மற்றவன் நிதானமானவன். 1961-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. மு.வ. நாவலில் பாத்திரங்கள் நின்று நின்று நல்லுரை பேசுவார்கள், எனக்கு அந்தப் பக்கங்களில் பொறுமை குறையும். ஆனால் என் அம்மா தலைமுறைப் பெண்கள் அந்தப் பக்கங்களைத்தான் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார்கள். யாருமே அவர்களிடம் சமமாக உட்கார்ந்து வாழ்க்கையைப் பற்றிப் பேசாத காலத்தில், ஒரு பேராசிரியர் பேசினார். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். உங்களுக்கு வேண்டிய டேனரி மட்டும் அதில் இல்லை.

பேரணாம்பட்டைச் சேர்ந்த அழகிய பெரியவன் எழுதிய தகப்பன் கொடி நம் பக்கத்து மண்ணிலிருந்தே வந்தது. நிலத்தோடு ஒட்டியிருந்த ஒரு தலித் குடும்பம் அந்த நிலத்தை இழப்பதைச் சொல்கிறது. உங்கள் தாத்தா டேனரிக்கு வந்து சேர்வதற்கு முன்னால் எங்கே இருந்தார் என்ற கேள்வி உங்களுக்கு இருந்தால், இதைப் படிக்கும்போது அது இன்னும் பெரிசாகும்.

மூன்றாவது, டி.செல்வராஜின் தோல். களம் நம்ம ஊர் இல்லை, திண்டுக்கல். ஆனாலும் ராணிப்பேட்டையில் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கவேண்டிய நாவல். வழக்கறிஞராக இருந்த செல்வராஜ், தோல் ஷாப்புத் தொழிலாளர்கள் அடிமைகளாகக் கிடந்ததையும் சங்கமாக எழுந்ததையும் பெரிய நாவலாக எழுதினார். 2012-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. சுண்ணாம்புக் குழியில் இறங்கி நிற்கும் உடம்பு எப்படி வெந்துபோகும் என்பதை அதில் படித்த அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. வாசித்ததை வைத்துச் சொல்கிறேன், உங்கள் அப்பாவுக்கு அது அனுபவம்.

இதோடு, நாவல் அல்லாத ஒன்றையும் படிக்கச் சொல்வேன். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-இல் கொடுத்த தீர்ப்பு. டேனரிக் கழிவு பாலாற்றில் கலந்ததைப் பற்றியது. தோல் தொழில் நடக்கும் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழானதாக அதில் பதிவாகியிருக்கிறது. திண்டுக்கல் பக்கத்துக் கிணறுகளும் அதே தீர்ப்பில் வருகின்றன. மாசு செய்தவரே அதற்கான விலையைக் கொடுக்கவேண்டும் என்ற கொள்கையை இந்திய சுற்றுச்சூழல் சட்டத்தில் உறுதியாக ஊன்றிய தீர்ப்புகளில் ஒன்று. செல்வராஜின் நாவலில் அந்தத் தொழில் மனித உடம்பை என்ன செய்தது என்று இருக்கிறது, தீர்ப்பில் தண்ணீரையும் மண்ணையும் என்ன செய்தது என்று இருக்கிறது. அந்தத் தொழிலை வைத்துத்தான் உங்களைப் படிக்கவைத்தார் அப்பா என்பது இரண்டிலும் இல்லை. அதை நீங்கள்தான் எழுதவேண்டும்.

நாவலா வரலாறா என்று இப்போதே முடிவுசெய்யாதீர்கள். அப்பா பேசக்கூடியவராக இருந்தால் முதலில் உட்கார்ந்து கேளுங்கள். "உங்க வாழ்க்கையைச் சொல்லுங்கப்பா" என்று கேட்டால் ஒன்றும் வராது. சின்னச் சின்னதாகக் கேளுங்கள். ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட காலத்தைப் பார்த்தாரா, இல்லை அவர் சேரும்போதே குரோம் ரசாயனம் வந்துவிட்டதா? முதல் நாள் எந்த வேலைக்கு விட்டார்கள்? தோலில் ஒட்டியிருக்கும் சதையை வழித்தெடுக்கும் கத்தி எப்படி இருக்கும், எந்தக் கையில் எப்படிப் பிடிப்பார்? சாப்பாட்டு நேரத்தில் கையை எதைப் போட்டுக் கழுவினார்கள்? வீட்டுக்கு வந்தால் சட்டையை எங்கே கழற்றிப் போடுவார், அம்மா என்ன சொல்வார்? அந்த வாசனையைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் உங்களிடம் யாராவது ஏதாவது சொன்னார்களா, நீங்கள் அதை அப்பாவிடம் சொன்னீர்களா?

இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதும்போது, நாவலா வரலாறா என்பது தானே தெரிந்துவிடும். மற்றவர்கள் மனதுக்குள் போக வேண்டியிருந்தால் நாவலாகும். நீங்கள் கண்ணால் பார்த்ததோடு நிற்க முடிந்தால் வரலாறாகும். வீட்டில் யாருக்காவது கை வரும் என்றால் அந்தக் கத்தியையும் குழியையும் வரையச் சொல்லுங்கள். சத்ரபியைப் பற்றி மேலே எழுதியிருக்கிறேன், அதையும் பாருங்கள். படமாகவே வரவேண்டிய கதையாகவும் இருக்கலாம்.

முதல் பத்துப் பக்கத்தை எனக்கு அனுப்புங்கள். கட்டாயம் படிப்பேன்.

கேள்வி: நான் செவிலியர். இரவுப் பணி முடிந்து வந்தால் சோகக் கதை படிக்க மனசு வருவதில்லை. தினமும் பார்ப்பதே போதும். ஆனால் வாசிப்பை விடவும் விருப்பமில்லை.
(வாசகி, வேலூர்)

பதில்: சோகத்தை ஒதுக்கி வையுங்கள்மா, யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள். தேவனின் துப்பறியும் சாம்புவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் தனிக்கதை. பஸ் வருவதற்குள் ஒன்று முடியும். அசட்டுச் சாம்பு எப்படியோ கேஸைக் கண்டுபிடித்துவிடுவார், உங்களுக்கும் சிரிப்பு வந்துவிடும். தூங்குவதற்கு முன் படிக்க அதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

விடுமுறை நாளில், உடம்பும் மனசும் தெளிவாக இருக்கும்போது, டாக்டர் மேரி வர்கீஸைப் பற்றி டோரதி கிளார்க் வில்சன் ஆங்கிலத்தில் எழுதிய வாழ்க்கை வரலாற்றைத் தேடிப் பாருங்கள். வேலூரில் பணியாற்றிய இளம் மருத்துவர். 1954-இல் ஒரு சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. அதற்குப் பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் தொடங்கக் காரணமாக இருந்தார். இதைச் சோகக் கதை என்று நான் சொல்லமாட்டேன். அவர் ஒரு வேலையைக் கற்றுக்கொண்ட விதம் அதில் இருக்கிறது, வேலை தெரிந்தவரான உங்களுக்கு அது வேறு மாதிரிப் புரியும்.

கேள்வி: பொன்னியின் செல்வன் முடித்துவிட்டேன். கதை நடந்த இடங்களைப் பார்க்க ஆசை. தஞ்சாவூர் வரை போக இப்போது வசதியில்லை.
(வாசகி, அரக்கோணம்)

பதில்: தஞ்சாவூர் எதற்கு? உங்கள் ஊருக்குப் பக்கத்தில் தக்கோலம் இருக்கிறது. 949-இல் ராஷ்டிரகூடர்களோடு நடந்த போரில் பராந்தக சோழரின் மூத்த மகன் ராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே உயிர்விட்டது அங்கேதான். அவன் பிழைத்திருந்தால் பட்டம் வேறு கிளைக்குப் போயிருக்கும், கல்கி எழுதிய கதைக்கே இடமிருந்திருக்காது.

இன்னொரு நாள் திருவல்லம் வழியாக மேல்பாடிக்குப் போங்கள். பொன்னை ஆற்றங்கரை ஊர். ராஜாதித்தனின் தம்பி அரிஞ்சயனுக்குப் பள்ளிப்படையாக, அதாவது இறந்த அரசரின் நினைவாக, எழுப்பிய கோயில் அங்கே இருக்கிறது. எழுப்பியவர் ராஜராஜ சோழன். நாவலில் நீங்கள் அருள்மொழிவர்மனாகப் பார்த்த அதே ஆள், பட்டத்துக்கு வந்த பிறகு, தன் தாத்தாவுக்காகக் கட்டியது. சின்னக் கோயில்தான், கூட்டம் இருக்காது. கல்வெட்டு வரிகளைக் கையால் தொடாமல் பாருங்கள். திரும்பி வந்ததும் சதாசிவ பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் சரித்திரத்தை நூலகத்தில் கேட்டு வாங்குங்கள். கல்கி எங்கே வரலாற்றில் நின்றார், எங்கே கற்பனைக்குப் போனார் என்று பக்கத்துக்குப் பக்கம் தெரிய வரும்.

கேள்வி: பாட்டி காலமாகிவிட்டார். அவர் கல்கி, விகடன் தொடர்கதைகளைக் கிழித்து பைண்ட் செய்து வைத்த புத்தகங்களும் பழைய அம்புலிமாமாக்களும் இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. வீடு மாற்றுகிறோம். எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார் அப்பா.
(வாசகர், சத்துவாச்சாரி)

பதில்: போடாதீர்கள். அப்பாவிடம் நான் கேட்டுக்கொண்டதாகச் சொல்லுங்கள்.

பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை கல்கியில் தொடராக வந்தபோது மணியம் வரைந்த படங்களோடு வந்தது. பிறகு வந்த மலிவுப் பதிப்புகள் பலவற்றில் அந்தப் படங்கள் இல்லை. பாட்டி கிழித்து வைத்த தாளின் பின்பக்கத்தில் அந்த வாரத்து விளம்பரம் இருக்கும், பாதி நறுக்கப்பட்ட ஒரு சிறுகதை இருக்கும், யாராவது எழுதிய துணுக்கு இருக்கும். அதெல்லாம் வேறெங்கும் கிடைக்காமல் போயிருக்கலாம். அம்புலிமாமா 1947 ஜூலையில் தொடங்கியது. ஆரம்ப வருஷத்து இதழ்கள் இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். பாட்டி ஓரத்தில் பென்சிலால் ஏதாவது எழுதியிருந்தால் அழிக்காதீர்கள். எந்த அத்தியாயத்தில் அவருக்குக் கோபம் வந்தது என்று தெரிந்துகொள்ள உங்கள் வீட்டில் அது ஒன்றுதான் இருக்கிறது.

கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டவேண்டாம். நாளாக நாளாக அந்தப் பசை மஞ்சளாகித் தாளைக் கெடுத்துவிடும். நம் ஊர் வெயிலில் காயவைக்கவும் வேண்டாம். நிழலில் காற்றாட விரித்து, மெல்லிய துணியால் தூசு தட்டினால் போதும். பெட்டியில் வசம்பு போட்டு வையுங்கள்.

வீட்டில் இடமே இல்லையென்றால் சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு எழுதுங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா தனி ஆளாகச் சேர்த்த புத்தகங்களிலும் பழைய இதழ்களிலும் இருந்து உருவான இடம் அது. உங்களிடம் உள்ளவற்றுக்கு ஒரு பட்டியல் போட்டு அனுப்பிக் கேட்டுப் பாருங்கள். இதழின் பெயர், மாதம், வருஷம், கதையின் பெயர், எழுதியவர், ஓவியர், எந்த அத்தியாயம் முதல் எந்த அத்தியாயம் வரை, நடுவில் எது இல்லை, இவ்வளவும் எழுதுங்கள். அந்தப் பட்டியலில் ஒரு பிரதி எனக்கும் வேண்டும்.